தாப்பாவின் நினைவுத்தடங்கள்: கொல்கத்தா உப்பேரிக் கரையின் குப்பைமேடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் கோட்டை, கோயில், கடைவீதி, கல்விக்கூடம் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்கள் சென்று சேர்ந்த இடம் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும், ஒரு நகரம் எதை உண்டது, எதை எரித்தது, எந்த விலங்குகளை வளர்த்தது, யாருடைய உழைப்பால் தன்னைத் தூய்மை செய்துகொண்டது என்பனவற்றை அறிவதற்குக் குப்பைமேடும் ஒரு முதன்மைச் சான்றாகும்.

கொல்கத்தாவின் கிழக்கெல்லையில், உப்பேரி என வழங்கிய சதுப்பு நீர்நிலைகளின் கரையில் அமைந்த தாப்பா அத்தகைய ஓரிடம். 1860களில் தொடங்கி நகரக் குப்பையைப் பெற்றுவந்த இந்நிலத்தின் ஒரு பகுதியில் இன்று அறிவியல் நகரம் நிற்கிறது. மற்றொரு பகுதி மண்ணால் மூடப்பட்டுப் புல் போர்த்திய மேடாக்கப்பட்டுள்ளது. பிறிதொரு பகுதியில் இன்றும் காய்கறி விளைகிறது. இந்நிலத்தைப் பற்றி நகரத்தாரிடையே நிலவும் நினைவு நாற்றத்தைப் பற்றியது. நிலமோ தன் அமைப்பில் வேறொரு நினைவைத் தாங்கியுள்ளது. அது விளைச்சலைப் பற்றியது. இவ்விரு நினைவுகளும் எவ்வாறு பிரிந்தன, அப்பிரிவினால் எது இழக்கப்பட்டது என்பதை நகராட்சி வரலாறு, நீரியல் வரலாறு, சொல்வழக்கு, நீதிமன்ற ஆணை ஆகியவற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நகரின் சரிவும் உப்பேரியும்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கீழைக் கரையில் உருவான நகரம். ஆற்றங்கரையே நகரின் உயர்ந்த பகுதி. நிலம் அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சிறுகச் சிறுகத் தாழ்ந்து சதுப்பில் முடிகிறது. ஆனால் தொடக்க காலத்து வடிகால்கள் பலவும் ஆற்றை நோக்கியே வெட்டப்பட்டன. மழை பெய்தால் நீர் மேட்டை நோக்கி ஏறவேண்டிய நிலை ஏற்பட்டது. அந்நீர் தெருக்களில் தேங்கியது. 1803இல் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி எழுதிய குறிப்புரை நகர வடிகால்களின் குறைபாட்டை முதன்மைச் சிக்கலாகச் சுட்டியது.

இச்சிக்கலுக்குரிய தீர்வை வில்லியம் கிளார்க் என்னும் பொறியாளர் 1855இல் முன்வைத்தார். நகரின் கழிவுநீரையும் மழைநீரையும் நிலத்தடிக் கால்வாய்கள் வழியே கிழக்கே கொண்டுசென்று, உப்பேரிகளை ஒட்டி ஓடிய வித்யாதரி ஆற்றில் சேர்ப்பதே அவருடைய திட்டம். 1859இல் தொடங்கிய பணி 1875இல் நிறைவுற்றது. நகரம் தன் முகத்தை ஹூக்ளியின் பக்கமும் முதுகை உப்பேரியின் பக்கமும் வைத்துக்கொண்டது இக்காலம் முதலே எனலாம்.

உப்பேரி என்னும் பெயர் காரணப் பெயராகும். வித்யாதரி ஓதத்திற்கு உட்பட்ட ஆறு. கடலேற்றத்தின்போது உவர்நீர் உள்ளேறிச் சதுப்பெங்கும் பரவும், வற்றத்தின்போது வடியும். ஆழமற்ற இந்நீர்ப்பரப்பில் உவர்நீர் மீன்கள் வாழ்ந்தன. ஆங்கில அலுவலர்களுக்கு இது காய்ச்சலை விளைக்கும் நச்சுக்காற்றின் பிறப்பிடமாகத் தோன்றியது. நோய்க்குக் காரணம் தீய ஆவியே என்னும் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. எனவே சதுப்பு நிலம் பயனற்றது என்பதோடு தீங்கானது என்றும் கருதப்பட்டது. அதனை மேடாக்குதல் நலவாழ்வுப் பணியாகவே மதிக்கப்பட்டது. நகரக் குப்பையைக் கொட்டுவதற்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பின்புலத்தில் இக்கருத்து இருந்தமை நோக்கத்தக்கது.

2. ஒரு சதுர மைல்

1860களின் நடுப்பகுதியில் தாப்பாவில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலம் குப்பை கொட்டுவதற்கென நகராட்சியால் பெறப்பட்டது. பரப்பளவே பெயராகி, அப்பகுதி 'சதுர மைல்' என்றே ஆவணங்களில் வழங்கலாயிற்று. பின்னர் நகராட்சி தனக்கென ஒரு சிறு இருப்புப்பாதையை அமைத்தது. மராத்தியர் படையெடுப்புக்கு அஞ்சி 1742இல் வெட்டப்பட்ட அகழி தூர்க்கப்பட்டு உருவான சர்க்குலர் சாலையை ஒட்டி அப்பாதை சென்றது. தெருத்தெருவாகச் சேர்க்கப்பட்ட குப்பை வண்டிகளில் வந்து, பெட்டிகளில் ஏற்றப்பட்டுத் தாப்பாவைச் சென்றடைந்தது. லாரிகள் வழக்கிற்கு வரும்வரை பல பதின்மங்கள் நகரின் கழிவு இத்தொடர்வண்டியிலேயே பயணம் செய்தது.

அக்காலக் குப்பையின் இயல்பை இங்கு விளக்குதல் வேண்டும். அடுப்புச் சாம்பல், நிலக்கரித் தூள், காய்கறிக் கழிவு, வாழையிலை, மண்கலச் சில்லு, தேங்காய் மட்டை, வைக்கோல், குதிரைச் சாணம், மாட்டுச் சாணம், தெருப் புழுதி ஆகியனவே அதன் பெரும்பகுதி. குதிரை வண்டிகளும் மாட்டு வண்டிகளும் நிறைந்த ஒரு நகரத்தின் குப்பை அது. அதில் மட்காத பொருள் குறைவு. சில மாதம் கிடந்தால் அது கருமண்ணாகும்.

இவ்வுண்மையைத் தொழிலாக்கியவர் பவநாத் சென். 1880ஆம் ஆண்டையொட்டிச் சதுர மைல் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, குப்பை மட்கிய மேடுகளில் காய்கறி பயிரிடும் முறையை அவர் தொடங்கினார். அம்முறையின் அமைப்பு எளியது, நுட்பமானது. குப்பை கொட்டப்பட்ட நிலம் நீண்ட பாத்திகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. இரு பாத்திகளுக்கு இடையில் நீண்டு குறுகிய குளம் ஒன்று விடப்பட்டது. வங்காளத்தில் இதற்கு 'ஜீல்' என்று பெயர். நகரிலிருந்து வந்த கழிவுநீர் ஜீலில் நிரப்பப்பட்டது. உழவர் கல், கண்ணாடி, உலோகத் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றிவிட்டுப் பாத்தியில் நாற்று நட்டு, ஜீலின் நீரை முகந்து ஊற்றினர். உரமும் நீரும் நகரத்தின் கழிவே. பூக்கோசு, முட்டைக்கோசு, கத்தரி, பூசணி, முள்ளங்கி, கீரை, மக்காச்சோளம் எனப் பருவத்துக்கேற்ப விளைந்தவை விடியற்காலையில் நகரச் சந்தைக்குத் திரும்பின. 'தாப்பாவின் கோசு' கொல்கத்தாவில் பெயர் பெற்றது.

முந்தைய நாள் நகரம் வீசியெறிந்தது சில மாதங்களில் அதே நகரத்தின் தட்டிற்கு உணவாகத் திரும்பிய இச்சுழற்சியை எந்த அரசுத் திட்டமும் வகுக்கவில்லை. குத்தகைதாரரின் இலாப நோக்கும் உழவரின் பட்டறிவும் இணைந்து அதனை உருவாக்கின. நகராட்சி குப்பையை அகற்றும் இடமாகக் கண்ட நிலத்தை, அங்குப் பாடுபட்டவர்கள் வயலாகக் கண்டனர். இரு நினைவுகளின் தொடக்கப் புள்ளி இதுவே.

3. 1928: ஓர் ஆறும் ஒரு வேலைநிறுத்தமும்

தாப்பாவின் வரலாற்றில் 1928ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது.

முதலாவது, வித்யாதரியின் முடிவு. ஓத ஆறு உயிரோடிருக்க வேண்டுமானால் கடலேற்ற நீர் பரவுவதற்கு அகன்ற நிலம் வேண்டும். பரவிய நீர் திரும்பும் விசையே ஆற்றின் அடியில் படியும் வண்டலை அரித்துக் கடலுக்குக் கொண்டுசெல்லும். கரைகள் கட்டப்பட்டுச் சதுப்பு சுருங்கச் சுருங்க அவ்விசை குன்றியது. கால்வாய்கள் வெட்டப்பட்டமையும் நகரக் கழிவுநீரின் சுமையும் அதனை மேலும் தளர்த்தின. வண்டல் மண்டியது. 1928இல் வித்யாதரி இறந்த ஆறு என அலுவல்முறையில் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் கழிவைச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு, கிளார்க்கின் திட்டம் நிறைவுற்று ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் தன் ஓட்டத்தை இழந்தது.

இரண்டாவது, துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தம். நகரக் குப்பை தாமாகவே தாப்பாவைச் சென்று சேரவில்லை. அதனைத் தெருவில் வாரி, வண்டியில் ஏற்றி, மேட்டில் இறக்கியவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். அவர்களுள் பலர் பீகார், ஐக்கிய மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். 1928இல் இவர்கள் கூலி உயர்வு கோரி இருமுறை வேலைநிறுத்தம் செய்தனர். வங்காளத் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில் பிரபாவதி தாசுகுப்தா, முசாபர் அகமது முதலியோர் இருந்தனர். கல்வியும் மேட்டிமைக் குடிப்பிறப்பும் உடைய பிரபாவதியைத் தொழிலாளர் 'தாங்கட் மா', அதாவது துப்புரவாளரின் தாய், என்று அழைத்தனர். அப்போது மாநகராட்சியை ஆண்டவர்கள் அயல்நாட்டு அதிகாரிகள் அல்லர். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. விடுதலைப் போராட்டத்தின் நாயகர்களும் துப்புரவாளரின் கூலிக் கோரிக்கையின் முன் தயங்கி நின்றனர் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

வேலைநிறுத்த நாட்களில் குப்பை தெருக்களிலேயே தங்கியது. தாப்பாவை நோக்கியே பாராத நகரம் அந்நாட்களில் தாப்பாவைத் தன் வாயிலிலேயே கண்டது. ஆற்றின் உழைப்பும் மனிதரின் உழைப்பும் நின்றபோதுதான் அவை இருந்தமை புலனாயிற்று. நகர வரலாறுகளில் இவ்விரு நிகழ்வுகளும் வெவ்வேறு நூல்களில், ஒன்று நீரியலிலும் மற்றொன்று தொழிலாளர் வரலாற்றிலும் பேசப்படுகின்றன. தாப்பாவை மையமாக வைத்து நோக்கும்போதே அவை ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பது தெளிவாகிறது.

4. கழிவுநீர் மீனான வரலாறு

வித்யாதரியின் முடிவு உப்பேரியின் இயல்பை மாற்றியது. உவர்நீர் வருவது நின்றது. நகரக் கழிவுநீர் வருவது தொடர்ந்தது. பி. என். தே என்னும் பொறியாளரின் திட்டப்படி, கழிவுநீரையும் மழைநீரையும் கிழக்கே தொலைவிலுள்ள குல்ட்டி ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்கள் வெட்டப்பட்டு 1943இல் பயனுக்கு வந்தன. கால்வாயின் நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்பட்டதால், வழியிலிருந்த நீர்நிலைகளுக்குக் கழிவுநீரை இயற்கைச் சரிவிலேயே திருப்பிவிட முடிந்தது. அதன் பயனாகக் கழிவுநீரில் மீன் வளர்க்கும் முறை பரந்த அளவில் வேரூன்றியது. இம்மீன்குளங்களை வங்காளியர் 'பேரி' என்பர்.

பேரியின் செயல்முறையை உழவர்கள் எழுத்தறிவின் துணையின்றி வகுத்தனர். குளம் ஆழமற்றதாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் கதிரொளி அடிவரை செல்லும். கழிவுநீர் சிறிது சிறிதாக விடப்பட்டுச் சில நாட்கள் தேங்கவைக்கப்படும். நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க, அதனால் கிடைக்கும் சத்தை உண்டு பாசி பெருகும். பாசி வெளியிடும் உயிர்வளி நீரைத் தூய்மையாக்கும். பாசி மிகுந்துவிடாமல் மீன்கள் அதனை உண்ணும். கரையோரம் ஆகாயத்தாமரை வளர்க்கப்படும். அது அலையடித்துக் கரை கரைவதைத் தடுப்பதோடு உலோகக் கழிவுகளையும் ஓரளவு உறிஞ்சும். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது நீரைத் திறப்பது, எப்போது அடைப்பது என முடிவு செய்யப்படும். கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டையினங்கள் இங்கு வளர்ந்தன. பேரியிலிருந்து வெளியேறிய நீர் நெல்வயலுக்குப் பாய்ந்தது.

இவ்வாறு மேட்டில் காய்கறியும் தாழ்வில் மீனும் கடைநிலத்தில் நெல்லுமாக மூன்று விளைச்சல்கள் ஒரே கழிவிலிருந்து எழுந்தன. குப்பைமேடும் ஏரியும் ஒன்றையொன்று கெடுத்தன என்னும் பொதுக்கருத்து தாப்பாவின் முதல் நூறாண்டு வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. மேட்டின் ஜீலும் தாழ்வின் பேரியும் ஒரே நீர்வழியின் தொடர்ச்சிகளாகவே இயங்கின.

இவ்வமைப்பை அறிவுலகம் மிகத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1980களின் தொடக்கத்தில், நகரக் கழிவுநீரைப் பயன்படுத்தும் வழிகளை ஆராயுமாறு பணிக்கப்பட்ட அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ், கழிவுநீர் எங்கே செல்கிறது என்று கால்வாய் வழியே தேடிச் சென்று இப்பேரிகளை அடைந்தார். அவரும் கிறிஸ்டீன் புரெடியும் இணைந்து 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தாப்பாவின் குப்பைப் பண்ணைகளையும் கழிவுநீர் மீன்வளர்ப்பையும் வளங்காக்கும் மரபாக அறிமுகம் செய்தது. பல தலைமுறைகளாக உழவரும் மீனவரும் அறிந்திருந்த ஒன்று அறிவாக ஏற்கப்படுவதற்கு ஒரு பொறியாளரின் வரைபடம் தேவைப்பட்டது.

5. சொல்லில் நின்ற நினைவு

ஓரிடத்தைப் பற்றிய சமூக நினைவு சொல்வழக்கிலும் தங்குகிறது. வங்காளியில் 'தாப்பார் மாட்' என்பது ஒரு வசைத்தொடர். அழுக்கும் நாற்றமும் மண்டிய இடத்தைக் குறிக்க இது ஆளப்படுகிறது. இத்தொடரிலுள்ள 'மாட்' என்னும் சொல்லின் பொருள் திடல், வயல்வெளி என்பதாகும். வசையாக வழங்கும் தொடரே அவ்விடம் வெளியாக, வயலாக இருந்தமையைத் தன்னுள் பொதிந்துள்ளது. கேட்போர் நாற்றத்தை மட்டும் கேட்கின்றனர். சொல் இரண்டையும் சொல்கிறது. குப்பையைக் குறிக்கும் 'ஜஞ்சால்' என்னும் வங்காளச் சொல் தொல்லை என்னும் பொருளையும் தருவது. இச்சொல்லை ஆளும் நிர்வாகத்திற்குக் குப்பை அகற்றப்பட வேண்டிய தொல்லையாக மட்டுமே தோன்றுவதில் வியப்பில்லை.

தமிழில் 'குப்பை' என்னும் சொல்லின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. சங்க இலக்கியத்தில் இச்சொல் குவியல் என்னும் பொருளில் வழங்கியது. உப்பங்கழியின் உப்புக் குவியலும் களத்து நெற்குவியலும் குப்பை எனவே சுட்டப்பட்டன. உழவர் வழக்கில் இன்றும் குப்பை என்பது எருவைக் குறிக்கும். வயலுக்குக் குப்பை அடித்தல் என்பது இழிவான செயலன்று. நல்ல உழவனின் கடமை. நகர வழக்கில்தான் அது கழிவு என்னும் ஒற்றைப் பொருளுக்குச் சுருங்கியது. குவியல், எரு, கழிவு என்னும் இம்மூன்று பொருள்நிலைகளும் தாப்பாவில் ஒரே நிலத்தின் மீது அடுக்கப்பட்டுள்ளன. நகராட்சி அதனைக் குவியலாக அளந்தது. உழவர் எருவாக அறிந்தனர். நகரத்தார் கழிவாக மறந்தனர்.

6. மேட்டின்மேல் எழுந்தவை

விடுதலைக்குப் பின் கொல்கத்தாவின் மக்கள்தொகை பெருகியது. நாட்டுப் பிரிவினையால் வந்த ஏதிலியரும் அதனுள் அடங்குவர். மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியால் உப்பேரியின் வடபகுதியைத் தூர்த்துப் புதுநகர் அமைக்கும் பணி 1962இல் தொடங்கியது. யுகோசுலாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து நீர்நிலைகளை நிரப்பியது. அந்நகரின் அலுவல்முறைப் பெயர் பிதான்நகர். மக்கள் வழக்கில் அது 'சால்ட் லேக்'. ஏரியை அழித்து எழுந்த நகருக்கே ஏரியின் பெயர் நிலைத்தது.

1980களில் கிழக்குப் பெருநகரப் புறவழிச்சாலை உருவானபின் தாப்பா நகரின் புறத்தே இருந்த நிலை மாறிற்று. சாலையை ஒட்டிய நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. நகரக் குப்பை கொட்டப்பட்டு வந்த ஏறத்தாழ 50 ஏக்கர் நிலத்தில் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் அறிவியல் நகரத்தை அமைத்தது. அதன் மாநாட்டு மையத்தை 1996 திசம்பர் 21இல் வேதியியலாளர் பால் குருட்சன் திறந்துவைத்தார். முழு வளாகமும் 1997 சூலை 1இல் தலைமையமைச்சர் இந்தர் குமார் குசுரால் அவர்களால் திறக்கப்பட்டது. மனிதச் செயல்கள் புவியின் படிவங்களையே மாற்றிவிட்ட புதிய ஊழியில் மனிதகுலம் வாழ்கிறது என்னும் கருத்தை 2000இல் முன்வைத்து உலகறியச் செய்தவர் இதே குருட்சன். அவர் திறந்துவைத்த வளாகத்தின் அடியில் இருப்பது அத்தகைய மனிதப் படிவமே: ஒரு நகரத்தின் நூற்றாண்டுச் சாம்பலும் சாணமும் மண்கலச் சில்லும்.

எஞ்சிய நீர்நிலைகளைக் காத்தது ஒரு வழக்கு. உலக வணிக மையம் ஒன்றுக்காக 227 ஏக்கர் சதுப்பு நிலத்தை எடுக்க முற்பட்டபோது, 'பப்ளிக்' என்னும் குடிமக்கள் அமைப்பு கொல்கத்தா உயர்நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி 1992இல் வழங்கிய தீர்ப்பு அச்சதுப்பின் நிலப்பயன்பாட்டை மாற்றுவதற்குத் தடை விதித்தது. கோஷ் வரைந்த எல்லைப்படம் இத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. உழவரும் மீனவரும் தொழிலால் உருவாக்கிய நிலம் முதன்முறையாக ஒரு பெயரும் எல்லையும் பெற்றது. 2002 ஆகத்தில் கிழக்குக் கொல்கத்தாச் சதுப்புநிலம் 12,500 எக்டேர் பரப்புடன் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் அதன் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற எல்லைக்குள் தாப்பாவின் குப்பைப் பண்ணைகளும் அடங்கியமை கருதத்தக்கது. காக்கப்பட வேண்டிய நீர்நிலையின் உறுப்பாகவே குப்பை விளைநிலமும் ஏற்கப்பட்டது.

7. குப்பை மாறிய காலம்

இச்சுழற்சியைக் குலைத்தது குப்பையின் அளவு மட்டுமன்று. அதன் தன்மையும் ஆகும். சாணமும் சாம்பலும் குறைந்து நெகிழிப் பையும், மின்கலமும், வண்ணப்பூச்சும், மருத்துவக் கழிவும் கலந்தபோது மேடு மட்கும் ஆற்றலை இழந்தது. தாங்கிரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து குரோமியம் கலந்த கழிவு கால்வாய்களில் இறங்கியது. அவ்வாலைகளை இடம்பெயர்க்க உச்சநீதிமன்றம் 1996 திசம்பரில் ஆணையிட்டது. தாப்பாவின் மண்ணிலும் காய்கறியிலும் ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் காணப்படுவதைப் பல வேதியியல் ஆய்வுகள் சுட்டியுள்ளன. ஒரு காலத்தில் பெருமையோடு விற்கப்பட்ட தாப்பாக் கோசு ஐயத்திற்குரிய பொருளாயிற்று. நகரம் தான் அனுப்பிய நஞ்சுக்குத் தாப்பா உழவரைப் பொறுப்பாக்கியது.

மேடு உயர உயர அங்குப் பாடுபட்டோரின் தொழிலும் மாறியது. நாற்று நட்ட கைகளுக்கு அருகில் நெகிழியும் இரும்பும் பொறுக்கும் கைகள் பெருகின. மட்கும் குப்பை உழவரை வாழவைத்தது; மட்காத குப்பை பொறுக்குவோரை மட்டுமே வாழவைக்கிறது. 2010களில் பழைய மேட்டின் 12 எக்டேருக்குச் சற்று மிகுந்த பகுதி உலக வங்கியின் உதவியோடு அறிவியல் முறைப்படி மண்ணிட்டு மூடப்பட்டது. இன்று அது பசுமையான குன்றாகத் தோன்றுகிறது. அதனையடுத்த மேட்டுக்கு நகரக் குப்பை 2020களிலும் வந்துகொண்டிருந்தது.

தாப்பாவின் மற்றொரு பணியையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். நகரில் உரிமை கோரப்படாத உடல்கள் நெடுங்காலமாகத் தாப்பாவின் எரியிடத்திற்கே கொண்டுவரப்பட்டன. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றில் இறந்தோரின் உடல்களும் அங்கேயே எரியூட்டப்பட்டன. உறவினர் நெருங்க இயலாத அவ்விறுதிச் சடங்குகளால், அதுவரை தாப்பாவை வசைத்தொடராக மட்டுமே அறிந்திருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அது தம் தாய் தந்தையரின் கடைசி இடமாயிற்று. நகரத்தாரின் நினைவில் தாப்பா இழிவிலிருந்து துயருக்கு இடம்பெயர்ந்தது. விளைச்சலின் நினைவு மட்டும் இன்னும் அங்கு வந்து சேரவில்லை.

முடிவுரை

தாப்பாவின் நினைவுத்தடங்களைத் தொகுத்து நோக்கும்போது மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, குப்பைமேடு ஏரியின் பகையாகத் தோன்றவில்லை. குப்பையை எருவாகவும் கழிவுநீரை மீனுணவாகவும் மாற்றிய உழைப்பும் அறிவும் உடனிருந்தவரை மேடும் நீரும் ஒரே அமைப்பின் உறுப்புகளாக இயங்கின. குப்பையின் இயல்பு மாறியதும், அவ்வறிவைக் கேளாமல் முடிவுகள் எடுக்கப்பட்டதுமே சீர்கேட்டின் காரணங்களாகும்.

இரண்டாவது, நிலத்தின் வரலாறு அறியப்பட்டபோது அந்நிலம் காக்கப்பட்டுள்ளது. 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு அழகையோ அரிய பறவைகளையோ மட்டும் நம்பி எழவில்லை. சதுப்பு என்ன தொழில் செய்கிறது, அத்தொழிலை யார் செய்கின்றனர் என்னும் பதிவே அதற்கு வலுவூட்டியது. வரலாறு அறியப்படாத இடங்களில் மேடு தூர்க்கப்பட்டுக் கட்டடம் எழுந்தது. ஏரியின் பெயர் மட்டும் எஞ்சியது.

மூன்றாவது, நகரங்களின் குப்பைமேடுகள் பல இன்று மூடப்பட்டும் அகழ்ந்து பிரிக்கப்பட்டும் வருகின்றன. மேட்டை அகற்றும் பணியோடு அதன் நினைவைத் தொகுக்கும் பணியும் சேர்ந்தே நடைபெறுதல் வேண்டும். அங்குக் குப்பை வாரியோர், நாற்று நட்டோர், மீன் வளர்த்தோர், பிணம் எரித்தோர் ஆகியோரின் வாய்மொழி வழக்குகளும் தொழிற்சொற்களும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்யப்படுதல் இன்றியமையாதது. ஜீல், பேரி போன்ற சொற்கள் வழக்கொழியுமானால், அவை குறித்த அறிவும் உடன் அழியும். அதன்பின் குப்பை என்னும் சொல்லுக்குக் கழிவு என்னும் ஒரு பொருள்மட்டுமே எஞ்சி நிற்கும்.